ஈயம் பூசிய சல்லடை

போன மாதம் இரண்டு இளம் உத்தியோகத்தர்கள் யட்டியாந்தோட்டையில் என் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தார்கள். கிராமத்துப் பட்டறைகளைத் தோட்டங்களோடும் தொழிற்சாலைகளோடும் இணைக்கிற திட்டம் ஒன்றைப் புதிதாகத் தொடங்கப் போகிறார்களாம். அந்தக் காலத்தில் இதே வேலையைச் செய்த பழையவர் ஒருவர் இருக்கிறார் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். பயிற்சிப் புத்தகத்தில் போடுவதற்கு நாலைந்து வெற்றிக் கதைகள் வேண்டும் என்றார்கள். நான் நாலு சொன்னேன். தொலைபேசியில் பதிவு செய்துகொண்டு, வடையும் தேநீரும் சாப்பிட்டு, மரியாதையாக விடைபெற்றுப் போனார்கள்.

ஐந்தாவதைச் சொல்லவில்லை. அது வெற்றிக் கதை இல்லை. ஆனால் என் உத்தியோகத்தில் நான் நினைத்துப் பார்க்கிற கதை அது ஒன்றுதான். மற்ற நாலையும் யாராவது கேட்டால்தான் ஞாபகம் வரும்.

நான் யட்டியாந்தோட்டைக் கடைவீதியில் பிறந்தவன். அப்பாவுக்கு அங்கே சாமான் கடை. வருகிறவர்களில் பாதிப் பேர் தோட்டத்துத் தமிழர், மீதிப் பேர் சுற்றுவட்டாரச் சிங்களவர். கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தே இரண்டு பாஷையும் எனக்கு ஒன்றாக வந்தன. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் என் சிங்களத்தில் தமிழ் வாடை வராது என்று ஆசிரியர்களே சொல்வார்கள், எனக்கும் அதில் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. அப்பா முன்யோசனையோடு பிரஜாவுரிமையும் எடுத்து வைத்திருந்தபடியால் அரசாங்க உத்தியோகத்துக்கு விண்ணப்பிக்க முடிந்தது. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். நான் அப்படிப் பிழைத்தவன்.

அறுபதுகளின் நடுவில் எழுதுவினைஞனாகச் சேர்ந்தேன். முதல் சில வருடங்கள் பைல் தூக்கியதிலும் தட்டெழுத்து அடித்ததிலும் போயின. கொழும்பில் ஆறு மாதப் பயிற்சி ஒன்று கொடுத்தார்கள். அளவுகோலைப் பிடிக்கவும், இரும்பின் தரம் பார்க்கவும், அறிக்கை எழுதவும் அங்கே கற்றுக்கொண்டேன். அதற்கு மேல் அந்தப் பயிற்சியைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

எழுபதுகள் பிறந்ததும் வெளிநாட்டுச் சாமான் வருவது ஏறக்குறைய நின்றது. ரப்பர் தோட்டங்களுக்கு அதுவரை பால் வெட்டும் கத்தி முதல் வாளி வரை கப்பலில் வந்துகொண்டிருந்தது. மரத்தில் வெட்டிய இடத்திலிருந்து பாலைச் சிரட்டைக்கு இறக்குகிற சின்னத் தகரப் பீலிகூட வெளியிலிருந்துதான் வந்தது. இனி இதையெல்லாம் உள்ளூரிலேயே செய்ய வேண்டும் என்று மேலிடம் சொன்னது. அதற்காக இரத்தினபுரியில், கந்தோர் என்று நாங்கள் சொல்கிற அலுவலகம் ஒன்றைத் திறந்தார்கள். எங்கே கொல்லன் இருக்கிறான், எங்கே தச்சன் இருக்கிறான், எந்தத் தோட்டத்துக்கு என்ன வேண்டும் என்று தேடி ஒருவரோடொருவர் கோத்துவிடுவது அதன் வேலை. நான் அங்கே கள உத்தியோகத்தன். முழுக் கந்தோரிலும் தமிழ் பேசுகிறவன் நான் ஒருவன்தான். சரியாகச் சொன்னால், அப்படித்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் உதவிப் பணிப்பாளர் தென்னகோன் மாத்தயா, சிங்களவர். மாத்தயா என்றால் சிங்களத்தில் ஐயா. மெலிந்த ஆள், முழுக்கைச் சட்டையின் பொத்தான் மணிக்கட்டில் பூட்டியபடியே இருக்கும். வெயிலிலும் குடை. அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. ஒரு பட்டறைக்குப் போனால், வீட்டுக்காரர் கதிரையைத் துடைத்துப் போட்டாலும் சாமானைப் பார்த்து முடிக்கும் வரை உட்கார மாட்டார். தேநீரும் அதற்குப் பிறகுதான். கேள்வி கேட்டுவிட்டுப் பேனாவைக் கீழே வைத்துவிடுவார். பதில் முழுதாக வந்த பிறகுதான் மறுபடி எடுப்பார். அந்த இடைவெளியில் பலர் சொல்ல நினைக்காததையும் சொல்லிவிடுவார்கள். அவரைப் பார்த்தால் எனக்குப் பயம், பயத்தைவிட மதிப்பு அதிகம்.

அவர் ஏற்படுத்திய முறை இதுதான். ஒரு பட்டறை முதன்முதலாகச் செய்து, தோட்டத்தில் இரண்டு வாரம் பாவித்துப் பார்த்து, சரியென்று கண்ட சாமானைக் கந்தோருக்குக் கொண்டுவர வேண்டும். அதில் அட்டை கட்டி, நூல் முடிச்சின் மேல் சிவப்பு அரக்கு உருக்கி முத்திரை வைத்து, கண்ணாடி அலுமாரியில் வைப்போம். அதன் பெயர் மாதிரி. பிறகு அந்தப் பட்டறையிலிருந்து எத்தனை தடவை சாமான் போனாலும் நான் மாதிரியைத் தகரப் பெட்டியில் வைத்து ஜீப்பில் கொண்டுபோய் ஒப்பிட்டுப் பார்த்தே கையெழுத்து வைக்க வேண்டும். வாளி என்றால் தண்ணீர் நிரப்பிப் பழைய பேப்பரின் மேல் வைத்துவிட்டு, மறுநாள் பேப்பர் நனைந்திருக்கிறதா என்று பார்ப்போம். கத்தி என்றால் மரப்பட்டையில் ஒரே இழுப்பு, சீவல் அறுபடாமல் சுருண்டு வர வேண்டும். செய்பொருள் மாறினால், அளவு மாறினால், ஏன், ஆணி மாறினாலும் புதிதாக இரண்டு வாரம் பாவித்துப் புதிதாக மாதிரி வைக்க வேண்டும். இந்தக் கடைசி விதியை அவர் திரும்பத் திரும்பச் சொல்வார். நாங்கள் முதுகுக்குப் பின்னால் சிரிப்போம்.

ஒரு சாமானை ஒரே பட்டறை முழுதாகச் செய்யும் என்று எதிர்பார்க்க முடியாது. பாலை வடிகட்டுகிற சல்லடையையே எடுத்துக்கொள்ளுங்கள். மரங்களிலிருந்து வரும் பால் தோட்டத்து ரப்பர் ஸ்டோரில் பெரிய தொட்டியில் சேரும். அதற்கு முன் பட்டை, இலை, பூச்சி எல்லாம் போக வடிகட்ட வேண்டும். அந்தச் சல்லடையின் மரச் சட்டம் அரநாயக்கவில் ஒரு தச்சுப் பட்டறையில் தயாரானது. நுண்ணிய எவர்சில்வர் வலையை யட்டியாந்தோட்டையில் இரும்புக் கடை வைத்திருந்த காசிம் நானா கொழும்பிலிருந்து வரவழைப்பார். இரண்டையும் சேர்த்துத் தகர விளிம்பு கட்டி முடிப்பவர் மாரிமுத்து. மூன்று பேரையும் மூன்று ஊரிலிருந்து பிடித்து ஒரே கோட்டில் நிறுத்தியவன் நான். ஏழெட்டுத் தோட்டங்கள் அந்தச் சல்லடையை வாங்கின. அந்த நாட்களில் எனக்கு இருந்த பெருமையைச் சொல்லி முடியாது.

மாரிமுத்து தகர வேலைக்காரர். அப்போது நாற்பது வயதிருக்கும். யட்டியாந்தோட்டைக்கு மேலே ஒரு தோட்டத்தின் எல்லையில், தோட்ட நிர்வாகியான துரையின் அனுமதியோடு போட்ட கொட்டில்தான் பட்டறை, பின்பக்கம் வீடு. மனைவி பெயர் செல்லம்மா. சின்ன வயதிலிருந்தே சிங்களக் கிராமங்களில் பாத்திரம் அடைத்துத் திரிந்தவர் என்பதால் அவர் சிங்களம் என்னுடையதைவிடச் சரளம். பேச்சுக்கு நடுவே சிங்களப் பகிடி விட்டுச் சிரிக்க வைப்பார். ஆனால் அவருக்குப் பிரஜாவுரிமை இல்லை. இந்தியாவுக்கா இலங்கைக்கா என்று தோட்டத்துத் தமிழர் எல்லாரும் பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டுக்கொண்டிருந்த காலம். அவர் இலங்கைக்கு மனுப் போட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தார். எங்கள் கந்தோரில் பதிவு பெற்ற பட்டறைக்காரர் என்று நான் கொடுத்த கடிதத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தார். விசாரணைக்குக் கூப்பிட்டால் அதைக் காட்டினால் போதும், தன்னை அனுப்ப மாட்டார்கள் என்று நம்பினார். அந்த நம்பிக்கை சரியா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அவருக்கு இருந்தது அது ஒன்றுதான்.

எவர்சில்வர் வலையும் ஒரு நாள் நின்றுபோனது. காசிம் நானா கொழும்பெல்லாம் அலைந்துவிட்டுப் பித்தளை வலை ஒரு சுருள் கொண்டுவந்தார். அதே நுணுக்கம், பார்க்க இன்னும் அழகு. இதற்கிடையில் தோட்டங்களில் பழைய சல்லடைகள் கிழிந்து, ஸ்டோரிலிருந்து கந்தோருக்குத் தந்தி மேல் தந்தி. காலாண்டு அறிக்கை வேறு எழுத வேண்டிய நேரம். ஒரு தோட்டத்துக்கும் தாமதமில்லை என்று எழுதுவதில் எனக்கு ஓர் ஆசை.

மாரிமுத்து வலையை விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு யோசித்தார். அவருக்கு மனம் ஒப்பவில்லை.

“பித்தளையாச்சுங்களே ஐயா. பால் பட்டா களிம்பு ஏறாதுங்களா?”

அதற்கு நான் சொன்ன பதிலை இன்று வரை மறக்க முடியவில்லை. நம் வீடுகளில் புளிக்குழம்பு எதில் வைக்கிறார்கள், பித்தளையில்தானே என்றேன். ஈயம் பூசிவிட்டால் புளி ஊறினாலும் மோர் ஊறினாலும் கெடுவதில்லையே என்றேன். “ஈயம் பூசிருங்க. எல்லாம் சரியாப் போயிரும்.”

அவர் முகம் தெளிந்தது. பித்தளை என்றால் தமிழன் வீட்டில் கோயில் பாத்திரத்துக்குச் சமம். அது ஆகாத பொருளாக இருக்கும் என்று எங்கள் இருவருக்குமே உள்ளூரத் தோன்றவில்லை. நவச்சாரம் போட்டு, ஈயத்தை உருக்கிப் பஞ்சால் ஒற்றி, சூடு ஆறுமுன் ஒரே உதறாக உதறி, கண் ஒன்றுகூட அடைபடாமல் அந்த மெல்லிய வலைக்கு அவர் ஈயம் பூசியதைப் பார்த்தேன். அப்படி ஒரு கை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. நான் பூதக்கண்ணாடி வைத்து, ஊசி முனையால் ஓர் அங்குலத்துக்கு எத்தனை கம்பி என்று எண்ணினேன். மாதிரியில் இருந்த அறுபது இதிலும் இருந்தது. கையெழுத்து வைத்தேன்.

இரண்டு வாரம் பாவித்துப் பார்க்கவில்லை. புதிய மாதிரி வைக்கவில்லை. வாயால் சொன்னதோடு சரி, ஒரு துண்டுக் காகிதம்கூட எழுதிக் கொடுக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். செம்போ செம்பு கலந்த உலோகமோ ரப்பர் பாலின் பக்கத்திலேயே வரக்கூடாது என்று ஆராய்ச்சிக்காரர்கள் அனுப்பிய சுற்றறிக்கை அதற்கு முந்திய வருடமே எங்கள் கந்தோருக்கு வந்திருந்தது. வாசித்தேன் என்று எல்லாரும் ஓரத்தில் கையெழுத்து வைத்து அடுத்த மேசைக்குத் தள்ள வேண்டும். நானும் வைத்துத் தள்ளியிருந்தேன். வாசிக்கவில்லை. பித்தளையில் முக்கால்வாசி செம்பு என்பது எனக்குத் தெரியாததல்ல. இரண்டையும் சேர்த்துப் பார்க்கத்தான் தோன்றவில்லை.

மூன்று மாதம் ஒரு குறையும் வரவில்லை. நாலாவது மாதம் மாரிமுத்து பஸ் ஏறி இரத்தினபுரிக்கே வந்தார். ஸ்டோரில் சல்லடை கழுவுகிற பெண்கள் அவரிடம் ஏதோ சொல்லியிருக்கிறார்கள். பால் உறையாமலிருக்க அமோனியா ஊற்றுவார்கள் அல்லவா, அந்தப் பால் வடிந்து முடிந்ததும் வலையின் ஓரம் நீலமும் பச்சையுமாகத் தெரிகிறதாம். தினமும் தேங்காய் மட்டையும் சாம்பலும் போட்டுத் தேய்த்ததில் ஈயம் போய்விட்டது என்று அவர் சந்தேகப்பட்டார். எல்லாவற்றையும் திருப்பி எடுத்து மறுபடி பூசித் தருகிறேன், கூலி வேண்டாம், நீங்கள் ஒரு வார்த்தை துரைமாருக்கு எழுதினால் போதும் என்று கேட்டார்.

நான் எழுதவில்லை. எழுதினால், எப்போது பித்தளைக்கு மாறியது என்ற கேள்வி வரும். சாம்பல் போடாமல் கழுவச் சொல்லுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டே படியிறங்கிப் போனார்.

அடுத்த மாதம் கொழும்புக் களஞ்சியத்திலிருந்து மூன்று தோட்டங்களின் ரப்பர் ஷீட் திரும்பி வந்தது. புகையிட்டு உலர்த்தி, நல்ல பொன்னிறத்தில் போனவை. திரும்பி வரும்போது ஒன்றோடொன்று ஒட்டி, தொட்டால் விரலில் பிசுபிசுக்கிற களிமண் கட்டிகளாக இருந்தன. செம்பு கலந்ததால் வந்த கேடு என்று சோதனை அறிக்கையும் கூடவே வந்தது. அந்த மூன்றில் ஒன்று மாரிமுத்துவின் கொட்டில் இருந்த தோட்டம். அதன் துரை நேரே தென்னகோன் மாத்தயாவுக்குக் கடிதம் எழுதினார்.

மாத்தயா அந்தக் கடிதத்தை என்னிடம் நீட்டினார். பிறகு, நாளைக் காலை மாதிரியை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போவோம் என்றார். உங்களுக்கு இதுபற்றி ஏதாவது தெரியுமா என்று கேட்டார். போய்ப் பார்த்தால்தான் தெரியும் என்றேன். அதுதான் முதல் பொய். முதல் பொய்யைச் சொல்லும்போது நெஞ்சு அடிக்கிற மாதிரி இரண்டாவதுக்கு அடிப்பதில்லை.

காலை பத்து மணிக்கு மாரிமுத்துவின் கொட்டிலில் விசாரணை நடந்தது. துரை வந்து வாசலிலேயே நின்றார். செல்லம்மா வீட்டுக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். மாத்தயா வழக்கம்போல் உட்காரவில்லை. மாதிரியையும் தோட்டத்து ஸ்டோரிலிருந்து எடுத்துவந்த சல்லடையையும் தகரம் வெட்டும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். வெள்ளை வலையும் மஞ்சள் வலையும். பார்க்க ஒரு பூதக்கண்ணாடியும் தேவைப்படவில்லை.

மாரிமுத்துவிடம் சிங்களத்தில் கேட்டுவிட்டு, சட்டென்று நிறுத்தி என்னைப் பார்த்தார். “எயாகே பாஷாவென் அஹன்ன” என்றார். அவருடைய பாஷையிலேயே கேளுங்கள் என்று அர்த்தம். ஒருவனுடைய பிழைப்பைத் தீர்மானிக்கிற விசாரணை அவனுக்கு விளங்குகிற மொழியில் நடக்க வேண்டும், மொழிபெயர்ப்பவர் சொல்வதைத்தான் தான் எழுதுவேன், ஆகவே ஒரு சொல் விடாமல் சொல்லுங்கள் என்றார். அவருடைய நேர்மை அப்படிப்பட்டது.

மாரிமுத்துவுக்குச் சிங்களம் விளங்கும் என்று அந்த இடத்தில் நான் சொல்லியிருக்கலாம். அவரே சொல்லியிருக்கலாம். இருவரும் சொல்லவில்லை.

வலையை மாற்றச் சொல்லி அனுமதி கொடுத்தது யார் என்பது கேள்வி. நான் அதைத் தமிழில் கேட்டேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. மாரிமுத்து என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. எனக்கு ஒரு வழி விடுகிற மாதிரிப் பார்த்தார்.

“அத ஐயாவே சொல்லிருங்க” என்றார்.

நான் மாத்தயாவின் பக்கம் திரும்பி, நல்ல சிங்களத்தில், தமிழ் வாடை கொஞ்சமும் இல்லாமல், “வலை கிடைக்காததால் தன் எண்ணத்திலேயே மாற்றியதாகச் சொல்கிறார்” என்றேன்.

மாத்தயா பேனாவைக் கீழே வைத்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வேறு ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று இன்னொரு தடவை கேளுங்கள் என்றார். கேட்டேன். நான் சொன்ன சிங்களம் ஒவ்வொரு எழுத்தும் மாரிமுத்துவுக்கு விளங்கியிருந்தது. அது எனக்குத் தெரியும் என்பதும் அவருக்குத் தெரியும். அவர் மாத்தயாவின் முகத்தை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

“நான் சொல்ல வேண்டியதச் சொல்லிட்டேங்க.”

வேறொன்றும் இல்லையாம் என்று மொழிபெயர்த்தேன். மாத்தயா பேனாவை எடுத்து எழுதினார். மாரிமுத்து கீழே தமிழில் கையெழுத்து வைத்தார். மொழிபெயர்த்தவர் என்ற இடத்தில் நான் வைத்தேன். அன்று அந்தப் பட்டறையில் யாரும் தேநீர் குடிக்கவில்லை.

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். அந்த வாரமே பதிவுப் பட்டியலிலிருந்து அவர் பெயர் வெட்டப்பட்டது. நான் கொடுத்த கடிதத்தைத் திருப்பித் தரும்படி கந்தோரிலிருந்து கடிதம் போனது. அந்தக் கடிதத்தையும் தட்டெழுத்தில் அடித்தவன் நான்தான். கொட்டில் போட்ட நிலத்தைத் துரை திரும்ப எடுத்துக்கொண்டார். சல்லடை வேலையை அவிசாவளைப் பக்கத்தில் வேறொரு பட்டறைக்கு மாற்றினோம். சட்டமும் வலையும் தகரமும் மறுபடி ஒரே கோட்டில் நின்றன. ஓர் ஆள் கழன்று விழுந்தது வெளியில் தெரியவே இல்லை. அந்த வருட இறுதி அறிக்கையில் வழங்கல் தடையின்றி நடந்தது என்று எழுதினேன், அது உண்மையும்கூட.

உண்மையைச் சொல்லாததற்கு எனக்குள் ஒரு நியாயம் வைத்திருந்தேன். நான் வேலை இழந்தால் இந்தக் கந்தோரில் தமிழ்ப் பட்டறைகளுக்காகப் பேச வேறு யார் இருக்கிறார்கள் என்பது அந்த நியாயம். நன்றாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகு பத்துப் பதினைந்து தமிழ்ப் பட்டறைகளைப் பட்டியலில் சேர்த்தேன். ஒவ்வொன்றைச் சேர்க்கும்போதும் மாரிமுத்துவுக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டதாக எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். அந்த ஆள் இன்னொருவன் பட்டறையால் என்ன பயன் பெற்றார் என்று மட்டும் யோசித்ததில்லை. என்னைப் போல் ஒரு கோழைக்கு நியாயத்துக்குப் பஞ்சமே வராது.

ஒன்றரை வருடம் கழித்து, ஒரு சனிக்கிழமை மதியம், மாரிமுத்து கந்தோருக்கு வந்தார். நான் முற்றத்தில் ஜீப்புக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். ஓப்பநாயக்கவில் ஒரு புதிய பட்டறையைப் பார்க்க மாத்தயாவும் நானும் புறப்படுகிற நேரம். தோட்டங்களில் மாவுக்கும் அரிசிக்கும் சனங்கள் தவித்த வருடம் அது. மாரிமுத்து பாதி ஆளாகிவிட்டிருந்தார். இலங்கைக்குப் போட்ட மனுவைத் திரும்ப எடுத்துக்கொண்டு இந்தியப் பாஸ்போர்ட் வாங்கிவிட்டாராம். புதன்கிழமை தலைமன்னாரில் கப்பல். விடைபெற்றுப் போக இரத்தினபுரியில் செல்லம்மாவின் தங்கை வீட்டுக்கு வந்தவர், என்னிடமும் சொல்லிவிட்டுப் போகலாம் என்று வந்திருக்கிறார்.

சொல்லிவிட்டுப் போக வந்தாராம். திட்ட வந்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

அங்கே எங்கே போவீர்கள் என்று கேட்டேன். திருச்சிப் பக்கம் எங்கேயோ கொண்டுபோய் விடுவார்களாம், தான் பிறந்தது யட்டியாந்தோட்டையில், திருச்சியைப் படத்திலும் பார்த்ததில்லை என்றார். செல்லம்மா தினமும் அழுகிறாளாம். அதை அவர் மழை பெய்கிறது என்று சொல்கிற மாதிரிச் சொன்னார். எனக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. ஒன்றரை வருடமாக நெஞ்சில் கிடந்ததைக் கேட்டேன். உங்களுக்குத்தான் சிங்களம் நன்றாகத் தெரியுமே, நான் மாற்றிச் சொன்னபோது நீங்களே மாத்தயாவிடம் நேரே சொல்லியிருக்கலாமே, ஏன் சொல்லவில்லை என்றேன். இப்படிக் கேட்டதிலும் பழியில் ஒரு பங்கை அவர் தலையில் வைக்கிற புத்திதான் இருந்தது. இன்று புரிகிறது.

அவர் என்னை வியப்பாகப் பார்த்தார்.

“ஐயாவுக்குத் தெரியாதுங்களா? பெரிய மாத்தயாவுக்குத் தமிழ் தெரியும்ங்க.”

அவரே தொடர்ந்தார். பட்டறையைப் பதிவு செய்ய முதல்முதல் வந்த அன்று நான் வெளியே கூரையை அளந்துகொண்டிருந்தபோது, மாத்தயா செல்லம்மாவிடம் நல்ல தமிழில் குடிக்கத் தண்ணீர் கேட்டாராம். மட்டக்களப்பில் சில வருடம் வேலை பார்த்ததாகவும் சொன்னாராம்.

“நான் சொன்னதும் அவருக்கு வெளங்கிச்சு. நீங்க மாத்திச் சொன்னதும் வெளங்கிச்சு. அவரு மொகத்தப் பாத்தேன். அப்புறமும் நீங்க சொன்னதத்தானே எழுதுனாரு. அதுக்கு மேல நான் சிங்களத்துல சொன்னா என்ன, தமிழ்ல சொன்னா என்னங்க? தகரம் அடிக்கிறவன் பத்துப் பேர் கெடைப்பான். ரெண்டு பாசையும் தெரிஞ்ச ஆபிசர் கெடைக்க மாட்டாரே.”

இதில் வஞ்சம் ஒன்றும் இல்லை. கணக்குப் பார்த்துச் சொன்ன மாதிரிச் சொன்னார். கும்பிட்டார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன், ஆனால் மன்னித்துக்கொள்ளுங்கள் என்ற வார்த்தை வரவில்லை. இத்தனை பாஷை பேசுகிற வாய்க்கு அது ஒன்று வரவில்லை. அவர் கையை மெதுவாக உருவிக்கொண்டு பஸ் நிலையத்தின் பக்கம் நடந்தார்.

மாத்தயா படியிறங்கி வந்து ஜீப்பில் முன் ஆசனத்தில் ஏறினார். நான் பின்னால் உட்கார்ந்தேன். வண்டி கடைவீதியைத் தாண்டியதும், முன்னால் போகிற பாதையைப் பார்த்தபடியே கேட்டார்.

“மாரிமுத்து போறாரா?”

தமிழில்தான் கேட்டார். எத்தனையோ வருடம் அவருக்குக் கீழே வேலை செய்தேன். அவர் வாயிலிருந்து நான் கேட்ட தமிழ் அது ஒன்றுதான்.

“ஆமாங்க மாத்தயா” என்றேன். “புதன்கிழமை கப்பல்.”

அவர் தலையசைத்தார். விசாரணை பைல் கந்தோரில், அவருடைய அலுமாரியிலேயே இருந்தது. மொழிபெயர்த்தவனும் எழுதியவரும் சேர்ந்து திருத்திக் கையெழுத்து வைத்தால் அந்தப் பெயர் மறுபடி பட்டியலில் ஏறிவிடும், அதற்கு விதி இருக்கிறது. அது எனக்கும் தெரியும், அந்த விதியை எழுதிய அவருக்கும் தெரியும். மாரிமுத்து இன்னும் பஸ் நிலையத்தைக்கூட அடைந்திருக்க மாட்டார். புதன்கிழமைக்கு நாலு நாள் இருந்தது. வண்டியைத் திருப்பச் சொல்ல அவரும் வாய் திறக்கவில்லை, நானும் திறக்கவில்லை.